நடந்ததற்குக் கூலி

போன வருஷம் என் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர், "சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது. எட்டு கிலோ குறைங்க, மாத்திரை இல்லாம ஓட்டிடலாம்" என்றார். அப்போது என் எடை 70 கிலோ. உயரம் அதற்குத் தகுந்ததாக இல்லை. மறுநாளே நடக்க ஆரம்பித்தேன். மந்தைவெளிப் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிய தெரு. மேலே பறக்கும் ரயில், கீழே கறுத்த தண்ணீர். ஒரு மணி நேரம் நடந்ததும் மகன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் 312 கலோரி என்று காட்டியது.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். "அப்போ இன்னொரு தோசை ஊத்தட்டுமாங்க?" என்று கேட்டாள் மனைவி. நியாயமான கேள்விதானே? எரித்ததைத் திரும்பச் சாப்பிட்டால் கணக்கு நேராகத்தானே இருக்கும்? ஊற்றச் சொன்னேன். மூன்று மாதம் இப்படியே போனது. மூன்று மாத முடிவில் எடை 69.6.

வெறுத்துப்போய் அடுத்த கோடிக்குப் போனேன். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன், நடையை இரண்டு மணி நேரமாக்கினேன், கடிகாரம் காட்டுவதில் ஒரு கலோரிகூடத் திரும்பச் சாப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஐந்தாவது வாரம் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது கண் இருட்டியது. பக்கத்தில் நின்றவர் பிடித்து உட்காரவைத்தார்.

இரண்டு பக்கமும் அடிபட்ட பிறகுதான், வழக்கம்போல, படிக்க உட்கார்ந்தேன். உடற்பயிற்சியில் செலவான கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா, கூடாதா? ஏதோ செல்போன் செயலிகள் வந்தபின் முளைத்த கேள்வி என்று நினைத்திருந்தேன். இல்லை. குறைந்தது நூற்றைம்பது வருஷப் பழைய கேள்வி. அதைவிட ஆச்சரியம், இதை முதலில் கேட்டவர்கள் இளைக்க விரும்பியவர்கள் இல்லை. அடுத்தவருக்கு எவ்வளவு சோறு போட்டால் போதும் என்று அளந்தவர்கள்.

சக்கரத்தில் ஏறிய டாக்டர்

ஜிம்மில் நாம் காசு கொடுத்து ஓடுகிற டிரெட்மில், முதலில் சிறைத் தண்டனைக் கருவி. 1818 வாக்கில் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலப் பொறியாளர் இங்கிலாந்துச் சிறைகளுக்காக வடிவமைத்தது. பெரிய மர உருளை, அதைச் சுற்றிப் படிகள். கைதிகள் வரிசையாக நின்று மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கப் படி கீழே இறங்கும், ஆள் மேலே போகவே மாட்டான். நாள் முழுக்க முடிவில்லாமல் மாடி ஏறுவது மாதிரி.

இப்படி மிதிக்கிற கைதிக்கும் சும்மா உட்கார்ந்திருக்கிற கைதிக்கும் ஒரே சோறு போதுமா? 1850களில் எட்வர்ட் ஸ்மித் என்ற மருத்துவர் இதை அளந்து பார்க்கக் கிளம்பினார். லண்டன் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் சிறையின் சக்கரத்தில் தானே ஏறி மிதித்தார். உள்ளிழுக்கும் காற்று எவ்வளவு, வெளிவிடும் கரியமில வாயு எவ்வளவு என்று அளந்தார். மிதிக்கும்போது இரண்டும், ஓய்வாக இருக்கும்போது இருப்பதைவிடப் பல மடங்காகின. உழைக்கிற உடம்பு கூடுதலாக எரிக்கிறது என்பது கண்ணால் பார்க்கக்கூடிய எண்ணாக மாறியது. எரித்தால் ஈடு செய்ய வேண்டும். ஆனால் எவ்வளவு?

ஒரு ராத்தல்

இந்த "எவ்வளவு" நம் ஊரில் உயிர்ப் பிரச்சினையானது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்வார்களே, 1876-78 பஞ்சம், அப்போது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. ஜெயமோகனின் 'வெள்ளை யானை' நாவலைப் படித்தவர்களுக்கு அந்தச் சென்னை நினைவிருக்கும்.

நிவாரணம் என்றால் இரண்டு வகை. ஒன்று கஞ்சித்தொட்டி. இன்னொன்று வேலை. உடம்பில் தெம்பு இருப்பவர்கள் மண் வெட்டி, கல் உடைத்து, கூலி வாங்கிக்கொள்ள வேண்டும். நான் தினமும் நடக்கிற கரையே அப்படி வந்ததுதான். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய்த் துண்டு 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. இதைப் படித்த மறுநாள் அங்கே நடந்தபோது கடிகாரத்தைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரைப் பஞ்சப் பிரதிநிதியாகச் சென்னைக்கு அனுப்பினார். இந்த டெம்பிள் மூன்று வருஷம் முன்பு பீகார்ப் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி இறக்குமதி செய்து தாராளமாகக் கொடுத்தவர். சாவு மிகக் குறைவு. அதற்காக அவருக்குப் பாராட்டு கிடைக்கவில்லை, காசை வாரி இறைத்தார் என்று திட்டுத்தான் கிடைத்தது. அந்தக் கெட்ட பெயரைக் கழுவத்தானோ என்னவோ, இந்த முறை சிக்கனத்தில் இறங்கினார். அதுவரை ஆணுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் தானியக் கணக்கில் இருந்த கூலியை ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவுமாகக் குறைத்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதிலும் குறைவு. ஒரு ராத்தல் போதுமா என்று சோதித்துப் பார்க்கலாம் என்பது அவர் வாதம்.

எதிர்த்து நின்றவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். இந்த மாகாணத்து மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது பற்றி 1863-லேயே அறிக்கை எழுதியவர். மண் வெட்டுகிறவனுக்கு ஒன்றரை ராத்தல் தானியமாவது வேண்டும், கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். டெம்பிள் மார்ச் மாதம் எழுதிய குறிப்புகளுக்குப் பதிலாக, ஒரு ராத்தல் போதுமா என்பதைப் பற்றி மட்டுமே ஒரு தனி மறுப்பை எழுதி அச்சிட்டார். மே மாதம் கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. தானியம் ஒன்றேகால் ராத்தல், கூடக் கொஞ்சம் பருப்பு.

இப்போதைய கணக்கில் பார்ப்போம். ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். அவ்வளவு அரிசி ஏறக்குறைய 1,600 கலோரி தரும். ஒரு சிறிய உடம்பு நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் ஒருவேளை போதும். மண்வெட்டி பிடித்தால்? சண்டையே அதுதான். டெம்பிள் கொடுத்தது ஏறக்குறைய சும்மா இருக்கிற உடம்புக்கான படி. கார்னிஷ் கேட்டது உழைப்புக்கான ஈடு. நம் கேள்விதான், இடம் மட்டும் வேறு. தோசை ஊற்றட்டுமா என்பதற்குப் பதில் அரை ராத்தல் சேர்க்கட்டுமா.

அந்தக் காலத்தில் இதைக் கலோரியில் யாரும் பேசவில்லை. உணவில் நைட்ரஜன் இவ்வளவு, கார்பன் இவ்வளவு என்றுதான் பேச்சு. இரண்டு பேரும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரே அலகு இல்லாமல் போட்ட சண்டை அது.

பெட்டிக்குள் ஒரு மனிதன்

அந்த அலகைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் வில்பர் அட்வாட்டர். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம், மிடில்டவுன், வெஸ்லியன் பல்கலைக்கழகம். 1890களில் எட்வர்ட் ரோசா என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து, ஆள் உள்ளே வாழக்கூடிய ஓர் அறை செய்தார். அறை என்பதைவிடப் பெட்டி என்று சொல்லலாம், நீளம் ஏழெட்டு அடி, அகலம் நான்கு அடி. கட்டில், நாற்காலி, சாப்பாடு உள்ளே போக ஒரு சின்னத் திறப்பு. ஓர் ஆள் நாள்கணக்கில் உள்ளேயே இருப்பார். அவர் உடம்பிலிருந்து வரும் வெப்பம், மூச்சு, கழிவு எல்லாவற்றுக்கும் கணக்கு. சில சோதனைகளில் உள்ளே ஒரு நிலைச் சைக்கிள். மிதி மிதி என்று மிதிக்க வேண்டும்.

சாப்பிட்டதும் செலவானதும் சராசரியில் ஒரு விழுக்காடுகூட வித்தியாசமில்லாமல் பொருந்தின. நாம் இன்றும் புட்டியின் பின்பக்கம் பார்க்கிற கணக்கு, கார்போஹைட்ரேட் கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9, அட்வாட்டர் வழியாக வந்ததுதான்.

அவருக்குப் பின் அந்த வேலையை எடுத்துக்கொண்ட ஃபிரான்சிஸ் பெனடிக்ட், ஹாரிஸ் என்பவரோடு சேர்ந்து 1919-இல் ஒரு சூத்திரம் கொடுத்தார். உயரம், எடை, வயது, ஆணா பெண்ணா என்று சொன்னால், சும்மா படுத்திருந்தாலே உடம்பு எவ்வளவு எரிக்கும் என்று சொல்லிவிடும். இன்றைக்கும் எத்தனையோ செயலிகளுக்குள் இந்தச் சூத்திரமோ அதன் பிள்ளைகளோதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அது 136 ஆண்களையும் 103 பெண்களையும் வைத்துச் செய்தது, எல்லாரும் அமெரிக்காவில் அளக்கப்பட்டவர்கள்.

இங்கே நம்ம ஊர் வருகிறது. சென்னை பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய எலினார் மேசன், பெனடிக்டோடு சேர்ந்து தென்னிந்தியப் பெண்களின் அடிப்படைச் செலவை அளந்து 1931-இல் வெளியிட்டார். அமெரிக்க அளவுகோல் சொன்னதைவிட நம் பெண்களின் எண் கணிசமாகக் குறைவாக இருந்தது. ஆக, நம் செயலி நமக்குத் தருகிற அடிப்படை எண்ணே கொஞ்சம் தாராளமாக இருக்க வாய்ப்பிருக்கிறது என்பது தொண்ணூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த சங்கதி.

இந்த எண்கள் எல்லாம் கூட்டத்துக்கானவை. படை, சிறை, ஆலை, பள்ளிக்கூடம், நாடு. 1979-இல் நம் திட்டக்குழுவின் செயற்குழு வறுமைக் கோட்டை வரையறுத்தபோது கிராமத்தில் ஆளுக்கு 2,400 கலோரி, நகரத்தில் 2,100 என்று வைத்தது. கிராமத்தில் உடல் உழைப்பு அதிகம், ஆகவே 300 கூடுதல். கார்னிஷ் கேட்ட ஈடு நூறு வருஷம் கழித்து அரசாங்க எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. பத்துப் பேருக்கு, பத்து லட்சம் பேருக்கு என்று திட்டமிட இந்த மாதிரிச் சராசரி நல்ல கருவி. ஒரே ஓர் ஆள், ஒரே ஒரு காலை என்று இறங்கினால்தான் வழுக்குகிறது.

தனக்குத் தானே படியளப்பது

1918-இல் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் எடை குறைப்புப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தானே பெருத்திருந்து இளைத்தவர். இனிமேல் ஒரு துண்டு ரொட்டி என்று சொல்லாதீர்கள், 100 கலோரி ரொட்டி என்று சொல்லுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. அதுவரை அதிகாரி தொழிலாளிக்கு அளந்த படியை, ஆட்கள் தங்களுக்குத் தாங்களே அளந்துகொள்ள ஆரம்பித்தார்கள். டெம்பிளும் நாமே, மண் சுமக்கிற ஆளும் நாமே.

அப்படியானால் உடற்பயிற்சிக்கு எவ்வளவு வரவு வைக்கலாம்? மிச்சிகன் பல்கலைக்கழகத்து லூயி நியூபர்க் 1942-இல் சொன்ன பதில் முகத்தில் அடித்தது மாதிரி இருக்கும். 250 பவுண்டு எடையுள்ள ஒருவர் ஒரு மாடி ஏறினால் மூன்று கலோரிதான் போகும், ஒரு துண்டு ரொட்டியைக் கரைக்க இருபது மாடி ஏற வேண்டும் என்றார். அதாவது, பயிற்சியே தண்டம், வாயைக் கட்டு. அந்தக் காலத்து மருத்துவர்கள் பலர் இந்தப் பக்கம்தான்.

மறுத்தவர் ஹார்வர்டின் ழான் மேயர். அவருடைய ஆதாரம் வந்தது வங்காளத்திலிருந்து. கல்கத்தா பக்கத்தில் செங்கைல் என்ற ஊரில் லட்லோ சணல் ஆலை. கடைவீதியில் உட்கார்ந்தே இருக்கிற கடைக்காரர்கள், மேற்பார்வையாளர்கள், குமாஸ்தாக்கள், நெசவாளர்கள், மூட்டை சுமக்கிறவர்கள் என்று 200-க்கும் மேற்பட்டவர்களின் சாப்பாட்டையும் எடையையும் அவரும் இந்திய உதவியாளர்களும் கணக்கெடுத்து 1956-இல் வெளியிட்டார்கள். லேசான வேலையிலிருந்து கடினமான வேலை வரை உழைப்புக்கு ஏற்ற மாதிரி சாப்பாடு கூடியது, எடை ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது. யாரும் கடிகாரம் கட்டவில்லை, யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பசி தானாகவே ஈடு கட்டியிருக்கிறது. ஆனால் உட்கார்ந்தே இருக்கிறவர்களிடம் இந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. அவர்கள் கடின உழைப்பாளி அளவுக்குச் சாப்பிட்டார்கள், எடையும் கூடுதல்.

இதில் ஓட்டைகள் உண்டு. கடை முதலாளியும் மூட்டைக்காரரும் உழைப்பில் மட்டுமா வேறுபடுகிறார்கள்? காசிலும் வேறுபடுகிறார்கள். பெருத்த உடம்புக்காரர் மூட்டை தூக்கப் போவதும் அபூர்வம். ஒரு தடவை எடுத்த படத்தை வைத்து, எது காரணம் எது விளைவு என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் எனக்கு அந்தக் கடைக்காரரை நன்றாகவே தெரியும். அவர் நான்தான். அவருக்குத் தேவை இன்னும் கொஞ்சம் சோறு இல்லை. பசி ஒழுங்காக வேலை செய்கிற பகுதிக்கு நகர்ந்து வருவதுதான் தேவை. ஒரு மணி நேர நடையின் பெரிய லாபம் இதுவாக இருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

உடம்பு வைத்திருக்கும் இன்னொரு கணக்குப் புத்தகம்

பெட்டிக்குள் இருக்கிறவர் இயல்பாக வாழ்கிறவர் இல்லை. வெளியே திரிகிற மனிதர் நாளுக்கு எவ்வளவு எரிக்கிறார் என்று அளக்க ரொம்ப நாள் வழியில்லை. 1955-இல் நேதன் லிஃப்சன் எலிகளை வைத்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டிலும் சற்றே கனமான அணுக்கள் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, இரண்டும் எந்த வேகத்தில் உடம்பை விட்டு வெளியேறுகின்றன என்று சிறுநீரில் பார்ப்பது. வித்தியாசத்திலிருந்து எரித்தது தெரியும். தண்ணீர் விலை அதிகம். 1982-இல்தான் மனிதர்களிடம் முதலில் பயன்பட்டது.

இந்தத் தண்ணீரோடு ஹெர்மன் பான்ட்சர் என்ற மானுடவியலாளர் தான்சானியாவுக்குப் போனார். ஹாட்சா மக்கள் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்கிறவர்கள். ஆண்கள் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்கிறார்கள். நகரத்து நாற்காலிக்காரரைவிட அவர்கள் ஏகப்பட்டது எரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். 2012-இல் வந்த முடிவு: உடல் அளவைக் கணக்கில் எடுத்தால் இரண்டு தரப்பும் கிட்டத்தட்ட ஒன்று.

எப்படி? உடம்பு வேறு எங்கோ செலவைக் குறைக்கிறது என்பது அவர் விளக்கம். இதற்கு எதிர்வாதங்களும் உண்டு, சர்ச்சை ஓயவில்லை. 2021-இல் 1,754 பேரின் அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு நடுவில் நின்றது. கூடுதல் அசைவில் எரிப்பதில் சராசரியாக 28 விழுக்காட்டை உடம்பு வேறிடத்தில் மிச்சம் பிடித்துவிடுகிறது. உடம்பில் கொழுப்பு அதிகமுள்ளவர்களிடம் இந்த மிச்சம் இன்னும் அதிகம்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு சங்கடம் வந்தது. உடம்பே சரிக்கட்டிக்கொள்கிறது என்றால், டெம்பிள் சொன்னது சரியென்று ஆகிவிடாதா? ஒரு ராத்தலில் சமாளித்துக்கொள்வான் என்றுதானே அவரும் சொன்னார்?

பதில் மினசோட்டாவில் இருக்கிறது. 1944 நவம்பரில் ஆன்சல் கீஸ், போருக்குப் போக மனசாட்சிப்படி மறுத்த 36 இளைஞர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்தார். போர் முடிந்தபின் ஐரோப்பாவின் பட்டினிக்காரர்களுக்கு எப்படி உணவளிப்பது என்று அறிவதுதான் நோக்கம். 24 வாரம் நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. டெம்பிளின் ஒரு ராத்தலுக்குப் பக்கத்தில் வருகிற எண். வாரத்துக்கு 22 மைல் கட்டாய நடை. அந்த நடைக்குத் தனியாக ஈடு கிடையாது. எடையில் ஏறக்குறைய கால்பங்கு போனது. அவர்கள் உடம்பும் சிக்கனம் பிடித்தது, நன்றாகவே பிடித்தது. ஓய்விலேயே எரிப்பது 40 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. எங்கிருந்து பிடித்தது? தசை கரைந்தது. இதயத் துடிப்பு மெதுவானது. கோடையிலும் குளிர்ந்தது. படியேறுவதைத் தவிர்த்தார்கள். சிரிப்பு போனது, சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது.

மிச்சம் பிடிப்பது என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. இடுப்பில் பத்து கிலோ சேமிப்பு உள்ளவனிடம் உடம்பு நூறு கலோரி மிச்சம் பிடித்தால், எடை நினைத்ததைவிட மெதுவாகக் குறையும், அவ்வளவுதான். சேமிப்பே இல்லாதவனிடம் மிச்சம் பிடித்தால் அது உயிரிலிருந்து எடுப்பது. கால்வாய் வெட்ட வந்தவர்கள் இரண்டாவது வகை. கார்னிஷ் சொன்னதுதான் சரி. பேருந்தில் கண் இருட்டிய அன்று நானும், இடுப்பில் சேமிப்பு இருந்தும், என் முட்டாள்தனத்தால் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறேன்.

சரி, தோசைக்கு என்ன பதில்?

என் ஒரு மணி நேர நடையை எடுத்துக்கொள்வோம். மிதமான வேக நடை, ஓய்வில் எரிப்பதைப் போல மூன்றரை மடங்கு என்பது வழக்கமான கணக்கு. ஓய்வில் கிலோவுக்கு மணிக்கு ஒரு கலோரி. 70 கிலோவுக்கு 245. கடிகாரம் 312 என்றது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் 60 பேர் கையில் ஏழு வகைக் கருவிகளைக் கட்டிச் சோதித்தபோது, இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகச் சொல்லின. கலோரியில் மிகச் சிறந்ததே சராசரி 27 விழுக்காடு தப்பு, மிக மோசமானது 93.

அந்த 245-இலும் 70 நான் சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் எரிந்திருக்கும். அது ஏற்கெனவே நாள் கணக்கில் இருக்கிறது. கழித்தால் 175. அதில் 28 விழுக்காட்டை உடம்பு மிச்சம் பிடித்தால் நிற்பது 126. அட்வாட்டர் கணக்கில் கொழுப்பு கிராமுக்கு 9, ஆகவே இது 14 கிராம் எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி. ஒரு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க நடந்ததற்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். தோசைக்கல்லில் மனைவி தாராளமாகச் சுற்றி ஊற்றுகிற எண்ணெயிலேயே என் நடை முடிந்துவிட்டது, மாவுக் கணக்குக்கு நான் போகவே இல்லை.

இன்னொரு பொறி. செயலியில் ஆரம்பத்திலேயே "மிதமான உழைப்பு உள்ளவர்" என்று நான் தேர்ந்தெடுத்திருந்தேன். அப்போதே அது நடைக்கும் சேர்த்து என் அளவை உயர்த்திவிட்டது. தினமும் நடந்ததைத் திரும்பச் சேர்த்தபோது ஒரே நடைக்கு இரண்டு தடவை கூலி வாங்கியிருக்கிறேன். மூன்று மாதத்தில் 400 கிராம் என்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

ஆக, நான் வந்து சேர்ந்த இடம் இது. தினசரி நடை, சின்னப் பயிற்சி இவற்றுக்குத் தனியாக எதுவும் சேர்த்துச் சாப்பிடுவதில்லை, அதே சமயம் மூன்று வேளைச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். உழைப்பு நிஜமாகவே பெரிதாகிற நாளில், உதாரணமாகத் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போன அன்று, கணக்குப் போட்டதில் பாதியளவு கூடச் சாப்பிட்டேன், பசிக்கு மரியாதை கொடுத்து. ஏற்கெனவே சாப்பாட்டை ஆழமாக வெட்டியிருப்பவர்கள், நீண்ட தூரம் ஓடுகிறவர்கள், ஒல்லியாக இருந்துகொண்டு இன்னும் இளைக்க நினைக்கும் இளம்பெண்கள் கட்டாயம் திரும்பச் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் மாதவிடாயும் எலும்பும்தான் விலை கொடுக்கும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் என் கணக்கைப் பார்க்காமல் மருத்துவரைக் கேளுங்கள். மற்றபடி கடிகாரத்தைவிட நம்பகமானது எடை இயந்திரம்தான், அதுவும் ஒரு நாள் எண் இல்லை, மூன்று வாரச் சராசரி. குறைகிறதா, தெம்பு இருக்கிறதா, தூக்கம் வருகிறதா. இந்த மூன்றையும் பார்த்துச் சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம்.

இப்படி ஏழு மாதத்தில் ஐந்தரைக் கிலோ குறைந்திருக்கிறது. மருத்துவர் சொன்ன எட்டுக்கு இன்னும் இரண்டரை பாக்கி. போன மாதப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

கடிகாரத்தை மகனிடமே கொடுத்துவிட்டேன். கால்வாய்க் கரையில் இப்போதும் நடக்கிறேன். அந்த மண்ணை வெட்டியவர்களுக்கு ஈடு கேட்க ஒரு கார்னிஷ் வேண்டியிருந்தது, அவர் கேட்டும் முழுசாகக் கிடைக்கவில்லை. எனக்கு வீட்டுக்குப் போனால் தோசை காத்திருக்கிறது. "இன்னொண்ணு ஊத்தட்டுமா?" என்று மனைவி இப்போதும் கேட்கிறாள். பசித்தால் ஊற்றச் சொல்கிறேன், நடந்ததற்காகக் கேட்பதில்லை.